கைமுக்கும் என் கையெழுத்தும்

சுசீந்திரம் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடப்பது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் எனக்குள்ள பழக்கம். கூட வருகிறவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வருவார். நான் மயிலாடிப் பக்கத்தில் பிறந்து, பிற்காலத்தில் இங்கே வீடு வைத்துக் குடியேறிய கிறிஸ்தவன். அவர் கோயிலைப் பற்றிச் சொல்லுவார், நான் சபையைப் பற்றிச் சொல்லுவேன். சர்க்கரை, முட்டுவலி பற்றி இரண்டு பேரும் சொல்லுவோம்.

போன மாதம் ஒரு நாள் பேச்சு கைமுக்கில் வந்து நின்றது. இளைய தலைமுறைக்குத் தெரியாது, நம் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்திரன் தன் பாவம் நீங்கிச் சுசியான இடம் என்பதால்தான் இந்த ஊருக்குச் சுசீந்திரம் என்று பெயர். அந்த நம்பிக்கையை ஒட்டிப் பழைய திருவிதாங்கூரில் ஒரு வழக்கம் இருந்தது. நம்பூதிரிகள் மேல் ஒழுக்கக்கேட்டுப் பழி வந்து, வேறு விதத்தில் உண்மை தெரியாவிட்டால், இந்தக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டிவிட்டு, நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இந்த வழக்கத்தை நிறுத்தினார்.

"நெய்யிலே கைய விட்டா யாருக்குதான் வேகாது? பயத்த வச்சு உண்மைய எடுக்கப் பாத்திருக்கான்" என்றார் நண்பர். சற்று தூரம் நடந்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உம்ம வேதத்திலே கடவுள் அன்பாட்டு இருக்காருன்னு சொல்லுகேரு. பிறகு கர்த்தருக்குப் பயப்படணும்னும் சொல்லுகேரு. அன்பா இருக்கப்பட்டவருகிட்ட எதுக்கு ஓய் பயம்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் ஒரு பதில் சொன்னேன். பயம் என்றால் அந்தப் பயம் இல்லை, மரியாதை என்று பொருள் என்றேன். நம் பிரசங்கிமார் வழக்கமாகச் சொல்லுகிற பதில்தான். அவரும் தலையை ஆட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது முழு உண்மை இல்லை என்று எனக்கே தெரியும். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் வெளியே சொல்லாத ஒரு காரியம் அந்தக் கேள்வியில் இருந்தது. அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

சிறு வயதில் எனக்குக் கடவுள் என்றால் பயம்தான். மரியாதை எல்லாம் இல்லை, நல்ல அசல் பயம். ஓய்வுநாள் பள்ளியில் சுவரில் ஒரு படம் தொங்கும். மனுஷனுடைய இருதயத்துக்குள்ளே மயில், பன்றி, பாம்பு, ஆமை என்று பாவங்கள் எல்லாம் மிருகங்களாக உட்கார்ந்திருக்கும். இன்னொரு படத்தில் தீ எரியும். மாங்காய் திருடின அன்றைக்கு அந்தத் தீயைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே பாட்டுப் பாடுவேன். இரவில் இடி இடித்தால் எனக்காகத்தான் இடிக்கிறது என்று பாட்டியின் முந்தானைக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன்.

பாட்டியின் பயம் வேறு. அவளுடைய சின்ன வயதில், சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் சாதியின் பேரால் பலருக்கு அடைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்க 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம். இ. நாயுடு போன்றவர்கள் முன்னே நின்றார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. சட்டம் மாறி முப்பது வருடம் ஆனபிறகும் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்தத் தெருவில் ஓரமாகத்தான் நடப்பாள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் பயம் அவள் உடம்பிலேயே ஊறிக் கிடந்தது. அதே பாட்டி, சபையில் முழங்கால் போட்டு எழுந்திருக்கும்போது யாருக்கும் பயப்படாதவள் மாதிரி முகத்தை வைத்திருப்பாள். "அவருக்கு முன்னால குனிஞ்சாச்சு, இனி எவனுக்கு முன்னால குனியணும்?" என்பாள். சொல்லுவாள், ஆனால் தெருவில் ஓரமாகத்தான் நடப்பாள். இரண்டு பயமும் ஒரே ஆளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பாவுக்குச் சின்ன பலசரக்குக் கடை. நாழியால் அளந்து விற்ற காலத்தையும், பிறகு கிலோ வந்த காலத்தையும் பார்த்த கடை. எங்கள் தெருக்கோடியில் கண் தெரியாத ஒரு முதியவர் இருந்தார். தட்டித் தட்டி வந்து அரிசி வாங்குவார். அப்பா அவருக்கு அளந்தபிறகு, நாழியின் தலையை விரலால் வழித்துவிட்டு, ஒரு பிடி அரிசியை மேலே போடுவார். "அவருக்குத்தான் தெரியாதே அப்பா, எதுக்கு மேலே போடுதியோ?" என்று ஒரு நாள் கேட்டேன். "அவருக்குத் தெரியாதுங்கதுனாலதான் மக்கா" என்றார்.

இதன் பொருள் எனக்குப் பிற்காலத்தில் வேதத்தைத் தொடர்ந்து வாசித்தபோதுதான் புரிந்தது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. செவிடனைத் திட்டக்கூடாது, குருடனுக்கு முன்னால் தடுக்கி விழும்படி எதையும் போடக்கூடாது, கடவுளுக்குப் பயப்பட வேண்டும் என்கிற கருத்து. கடைசியில் பயம் எதற்காக வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். செவிடனைத் திட்டினால் அவன் காதில் விழாது. குருடனுக்கு முன்னால் கல்லைப் போட்டது யார் என்று அவனுக்குத் தெரியாது. போலீஸும் வராது, பஞ்சாயத்தும் கூடாது. மனுஷ பயம் எட்டாத இடம் அது. அந்த இடத்தில் கையைத் தடுக்கிற ஒன்றுக்குத்தான் வேதம் தேவபயம் என்று பெயர் வைத்திருக்கிறது. அப்பா இவ்வளவு விளக்கம் எல்லாம் படித்தவர் இல்லை. அளந்தார், அவ்வளவுதான்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் குளங்களைப் பராமரிக்கிற ஒரு அலுவலகத்தில் ஓவர்சியர் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த அலுவலகம், யார் மேலதிகாரி என்று எழுதப் போவதில்லை. பலர் காலமாகிவிட்டார்கள். குற்றம் என்னுடையது என்பதுதான் இங்கே விஷயம்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் குளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் குளத்தை நம்பித்தான். ஒரு குளத்தில் மடைக்குப் பக்கத்தில் கரை பலவீனமாக இருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, களிமண் சேர்ந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து உயர்த்த வேண்டும் என்பது வேலை. மடையின் கல் கட்டோடு மண் ஒட்டும்படி இடிக்காவிட்டால், அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் மெதுவாக ஊறும். ஊறுகிற தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு நாள் கரை உள்ளேயே பொத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காண்ட்ராக்டர் காய்ந்த மண்ணைக் கொண்டு வந்து தட்டினார். மேலே சமப்படுத்திப் புல் பத்தை வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது செருப்புக்காலால் மிதித்தாலே மண் இறங்கியது. எம் புக்கில் அளவு எழுதி, வேலை சரியாக முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் போனேன். மேலதிகாரி தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "புதுசா சேர்ந்த ஆளு. இன்னும் ப்ரொபேஷன் முடியல்ல. ரெண்டு தங்கச்சிமாரு இருக்காவ இல்லியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

பணம் வாங்கவில்லை. வெகுகாலம் அதைத்தான் எனக்கு நானே ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பணம் வாங்கியவனும் வாங்காதவனும் போட்ட கையெழுத்து ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து. பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். பந்தியில் போய் முழங்கால் போட்டேன். கையை நீட்டி அப்பத்தை வாங்கினேன். இதில் என்னை இன்றும் உறுத்துகிறது என்னவென்றால், கை நடுங்கவில்லை. மேலதிகாரியின் மேஜைக்கு முன்னால் பேனாவைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய அதே கை, ஆண்டவருடைய மேஜைக்கு முன்னால் சும்மா நீண்டது. சிறு வயதில் இடிக்குப் பயந்த பையன் அதற்குள் எங்கேயோ போய்விட்டான். அவனுடைய இடத்தில் வேறு நல்ல பயம் ஒன்றும் வந்திருக்கவில்லை.

ஐப்பசி மழையில் கரை உடைந்தது. ராத்திரி உடைந்ததால் ஆளுக்கோ ஆட்டுக்கோ மாட்டுக்கோ சேதமில்லை. மடைக்குக் கீழே முதல் வயல் ஒரு பாட்டக்காரருடையது. பத்து மரக்கால் விதைப்பாடு. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத கும்பப்பூ பயிர் மேல் ஒரு முழம் மணல். மழை அதிகம் என்று அலுவலகம் எழுதிக்கொண்டது. நானும் அந்தக் கடிதத்தைப் படியெடுத்துக் கொடுத்தேன். அந்த மனுஷர் இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு தடவையும் நான் பின்வாசல் வழியாகப் போனேன்.

ஒரு நாள் ராத்திரி அப்பா கடையைப் பூட்டும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நாழியைக் கவிழ்த்து வைத்தார். "உனக்கு அந்த ஆபீசரக் கண்டு பயம். கடவுளக் கண்டு பயம் இல்ல. காரியம் அவ்வளவுதான் மக்கா. ஒருத்தனுக்குப் பயப்படாட்டா வேற ஒருத்தனுக்குப் பயப்பட்டுத்தான் ஆகணும். யாருக்குப் பயப்படணும்னுதான் நாம பாத்துக்கிடணும்" என்றார். திட்டவில்லை. சாப்பிட வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியுமுன்னே பாட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். நடையில் உட்கார்ந்திருந்தார். "வாரும், ஓவர்சியரய்யா" என்றார். நின்றுகொண்டே சொன்னேன். கரையை இடிக்கவில்லை, இடித்தது என்று கையெழுத்துப் போட்டது நான்தான், நஷ்டத்தை மாதம் 25 ரூபாய் வீதம் நான் கொடுத்துத் தீர்க்கிறேன் என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வெகு நேரம் என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பயந்து வந்தீரா, சாமிக்குப் பயந்து வந்தீரா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை.

"எனக்குப் பயந்துன்னா நீரு வரவே வேண்டாம். என்னால உம்ம ஒண்ணும் செய்ய முடியாது. சாமிக்குப் பயந்துன்னா, அது 25 ரூவாயோட தீராது பாத்துக்கிடும். அடுத்த கரைய ஒழுங்கா இடிச்சுப் போடும்."

அவர் தாணுமாலயனைக் கும்பிடுகிறவர். மார்கழித் தேருக்கு வடம் பிடிக்கிறவர். கிறிஸ்தவ பயபக்தியைப் பற்றி என் வாழ்நாளில் கேட்ட பிரசங்கங்களில் இதைவிடச் சுருக்கமானதும் இதைவிடச் சரியானதும் எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்று வருடம் அந்தப் பணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இருந்த முப்பது வருட சர்வீஸில், எந்தக் கரைக்குப் போனாலும் ஒரு நீளமான இரும்புக் கம்பியோடு போவேன். இடித்த மண்ணில் குத்திப் பார்ப்பேன். இறங்கினால் கையெழுத்து கிடையாது. 'கம்பி ஓவர்சியர்' என்று பட்டப்பெயர் வந்தது. ஒன்பது தடவை மாற்றலும் வந்தது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ஏனென்றால் மிச்சக் கதையையும் எழுதியாக வேண்டும். அந்த முதல் கையெழுத்தைப் பற்றி அலுவலகத்தில் நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. தங்கச்சிமார் கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. பிறகு பிள்ளைகள் படிப்பு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு பென்ஷன். எந்தப் பயம் என்னைக் கையெழுத்துப் போட வைத்ததோ, அதே பயம்தான் அதைத் திருத்தவிடாமலும் வைத்தது. அந்த எம் புக்கு எங்கேயாவது கரையான் அரிக்காமல் இருந்தால், என் பெயர் அதில் பொய்யாகவேதான் இருக்கும்.

இப்போது நண்பருடைய கேள்விக்குத் திரும்புகிறேன். அன்பு என்றால் பயம் எதற்கு?

வேதத்தில் பயம் என்று ஒரே சொல் வந்தாலும் அது இரண்டு விதமாக நிற்கிறது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் மலை புகைந்து இடி இடிக்கும்போது ஜனங்கள் தூரத்தில் போய் நிற்கிறார்கள். மோசே அவர்களைப் பார்த்துப் பயப்படாதிருங்கள் என்கிறார். அதே மூச்சில், கடவுளைப் பற்றிய பயம் உங்களுக்குள் இருந்து உங்களைப் பாவத்திலிருந்து தடுக்கத்தான் அவர் வந்தார் என்கிற கருத்தையும் சொல்லுகிறார். ஒரே வசனத்தில் ஒரு பயம் வேண்டாம், இன்னொரு பயம் வேண்டும். முதல் பயம் நம்மைத் தூர ஓட வைக்கிறது. இரண்டாவது பயம் பக்கத்தில் நிற்க வைக்கிறது.

பழைய சபைப் பிதாவாகிய அகுஸ்தீன் இதற்கு ஒரு குடும்ப உதாரணம் சொன்னார். புருஷனுக்குப் பயப்படுகிற இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அவன் வந்துவிடுவானோ என்று பயம். இன்னொருத்திக்கு அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று பயம். பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது எதிரும் புதிரும். அடிமையின் பயம், பிள்ளையின் பயம் என்று பிற்காலத்தில் பிரித்தார்கள். பூரணமான அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்ற கருத்தில் யோவான் எழுதினது அடிமையின் பயத்தைப் பற்றி. பிள்ளையின் பயத்தை அன்பு தள்ளுவதில்லை, வளர்க்கிறது. நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளைச் சொல்லும்போது கடைசியாகத் தெய்வ பயத்தைச் சேர்க்கிறார்கள். தண்டனையாக இருந்தால் அதைக் கொடை என்று எண்ணியிருக்க மாட்டார்கள் அல்லவா?

இன்னொன்றையும் கவனித்தேன். வேதத்தில் கடவுளுக்குப் பயந்தவர்கள் என்று பேர் வாங்கினவர்கள் கோழைகள் இல்லை. எகிப்தில் பிறக்கிற ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொல்லி ராஜா கட்டளையிட்டபோது, சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் பிள்ளைகளைக் கொல்லவில்லை. கடவுளுக்குப் பயந்ததால் என்று காரணம் எழுதியிருக்கிறது. பெரிய பயம் ஒன்று இருந்ததால் பார்வோன் என்கிற சின்ன பயம் அவர்களிடம் எடுபடவில்லை. மாறாக, கடவுளுக்கும் பயப்படாமல் மனுஷரையும் மதிக்காமல் இருந்த நியாயாதிபதி என்று இயேசு ஒரு உவமையில் சொல்லுகிறார். அவனிடம் அலைந்தவள் ஒரு விதவை. தேவபயம் போன இடத்தில் முதலில் அடிபடுகிறவர் யார் என்று அந்த உவமையே காட்டுகிறது. எங்கள் காரியத்தில் அடிபட்டது மடைக்குக் கீழே பத்து மரக்கால் வைத்திருந்தவர். வசதியானவருக்கு வயல் மேட்டில் இருந்தது.

நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் கீழே பணியாற்றியவர். வீட்டில் அடுக்கடுக்காக வந்த நஷ்டத்தால் மனம் ஒடிந்திருந்தவருக்கு, டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வருகிற செய்தி. யோபுவை வேதம் அறிமுகப்படுத்துவதே கடவுளுக்குப் பயந்து தீமையை விட்டு விலகினவன் என்றுதான். அந்தக் கதையில் சாத்தான் கேட்கிற கேள்வியும் நல்ல கேள்வி. யோபு சும்மாவா பயப்படுகிறான், ஆடு மாடு எல்லாம் கிடைப்பதால்தானே என்கிறான். எல்லாம் போனபிறகும் நிற்கிறதா என்பதுதான் பயபக்திக்குப் பரீட்சை. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2022 மே 15-இல் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நான் சீர்திருத்த சபைக்காரன். ஆனாலும் கோட்டாற்றுக்குப் போனால் அந்தக் கல்லறைப் பக்கம் ஒரு நிமிஷம் நிற்பேன். ராஜாவின் துப்பாக்கிக்கு அசையாத ஒருவர் அங்கே கிடக்கிறார். நான் ஒரு ப்ரொபேஷனுக்கு அசைந்தவன்.

ஒரு எச்சரிக்கையும் எழுத வேண்டும். இந்தப் பயத்தை மற்றவர்கள் தலையில் கொட்டுகிறவர்கள் உண்டு. என் மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர், மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்யுங்கள், அதனால்தான் வியாதி நீங்கவில்லை என்றார். எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. யோபுவின் சிநேகிதர்கள் இன்னும் சாகவில்லை என்று நினைத்தேன். அவள் அமைதியாக, "நான் அப்பா வீட்டுக்கு இல்லியா போறேன், போலீஸ் ஸ்டேஷனுக்கா போறேன்?" என்றாள். வந்தவர் பேசவில்லை. இத்தனை தைரியமாகப் பேசினவள், நான் படுத்துக்கொண்டே வேதம் வாசித்தால் "எந்திச்சு இருந்து வாசியுங்கோ" என்று சொல்லாமல் விட்டதில்லை. சாவுக்குப் பயமில்லை, ஆண்டவர் முன்னால் அலட்சியமும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அவளிடம் பார்த்தேன். நெய்யைக் கொதிக்க வைத்து மற்றவன் கையை அதில் விடச் சொல்லுகிறது கைமுக்கு. தேவபயம் என்பது யாரும் சொல்லாமலே நம் கையை நாமே பார்த்துக்கொள்வது.

நேற்று மாலை தெப்பக்குளத்தில் இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கையெழுத்துக் கதை உட்பட. அவர் நடப்பதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். மரியாதை என்று அன்றைக்குச் சொன்னது போதாது, பயம் பயம்தான், ஆனால் அடி விழுமோ என்கிற பயம் இல்லை, அவ்வளவு அன்பானவருக்கு முன்னால் பொய்யனாக நிற்கிறோமே என்கிற பயம் என்றேன்.

"இத்தன வருஷம் கழிச்சு இப்பம் எதுக்கு எங்கிட்ட சொல்லுகேரு?" என்று கேட்டார்.

"பென்ஷன் நின்னு போகுமோங்கத விட இது பெருசாத் தெரியுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டக்காரருக்குப் பேரன்மாரு உண்டு. அந்த வயலு இன்னும் அவங்க கையிலேதான் இருக்கு. தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. வருகிற வாரம் போகலாம் என்று இருக்கிறேன். அவர்களுடைய தாத்தாவிடம் சொன்னதை அவர்களிடமும் சொல்ல வேண்டும். கரை உடைந்தது மழையால் இல்லை என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்காவது எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு கையெழுத்துப் போடத்தான் வேண்டும். இந்தத் தடவை கை நடுங்கினால் நல்லது என்று நினைக்கிறேன்.